இருவருக்கான அறை

காலை பதினொன்று நாற்பது. முதலில் கண்ணில் பட்டவை வரவேற்பு மேசை மேல் இருந்த இரண்டு இளநீர்கள். இணையத்தில் அறை பதிவு செய்தபோது ‘இருவர்’ என்று தானாக வந்ததை நான் மாற்றவில்லை.

திருமழிசை தாண்டி, வயலுக்கு நடுவே இருக்கும் சிறிய விடுதி அது. மொத்தம் எட்டு அறைகள், நீலக் கதவுகள். கட்டிக்கொண்டிருந்தபோதே பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, ஒரு நாள் இங்கே தங்க வேண்டும் என்றாள் மனைவி. கொரட்டூரில் வீட்டை வைத்துக்கொண்டு இங்கே எதற்கு என்றேன். அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. நான் அங்கே போன அன்று எங்கள் திருமண நாள்.

வரவேற்பில் இருந்த பெண் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“மேடம் பின்னாடி வர்றாங்களா சார்?”

“இல்லம்மா. நான் மட்டும்தான்.”

“லோக்கல் அட்ரஸா இருக்கு சார். சிங்கிளா வந்தா வீட்ல ஒருத்தர்கிட்ட பேசிட்டுத்தான் ரூம் தரணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

எடுத்துக்கொள்ளவில்லை. ‘தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவர்’ என்று தொடங்கும் செய்திகளை நாளிதழில் நானே எழுதியிருக்கிறேன். மறுநாள் கதவை உடைப்பதில் அவை முடியும்.

பதிவுப் படிவத்தில் வீட்டார் எண் கேட்ட கட்டத்தில் கை பழக்கத்தில் அவள் எண்ணை எழுதிவிட்டது. அந்தப் பெண் உடனே அழைத்தாள்.

“ரிங் போகுது சார். எடுக்கல.”

உண்மையைச் சொன்னால் அறை நிச்சயம் கிடைக்காது. இன்னொரு முறை அழைத்தாள்.

“வேற யாராவது இருக்காங்களா சார்?”

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இளநீரையாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். ஒன்றைக் குடித்தேன்.

வாசல் காவலாளி பையைப் பார்த்தார்.

“இன்னா சார், வந்த வேகத்துல கெளம்பிட்டீங்க? ரூமு புடிக்கலியா?”

“தரல. கொரட்டூர்காரனுக்குக் கிடையாதாம்.”

“கொரட்டூர்ல ஊட்ட வெச்சிக்கினு இங்க இன்னாத்துக்கு சார் ரூமு?” என்று சிரித்தார். “ரெண்டு வர்சமா இந்த கேட்டாண்டதான் கீறேன். நானே ஒரு ரூமையும் உள்ள போய் பாத்ததில்ல.”

நெடுஞ்சாலைக்கு நடந்து பேருந்து பிடித்தேன். வீட்டுக்கு வரும்போது மணி இரண்டே கால். அவள் போன் வழக்கம்போல் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. அதன் திரையில் இரண்டு மிஸ்டு கால்கள் இருந்தன.