ஃபேனை நிறுத்தியவர்கள்

பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் அவளை ஒற்றக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். 'வெற்றி பாதை' என்று அச்சுக்குப் போகவிருந்த ஓர் அட்டையைக் கடைசி நிமிடத்தில் பிடித்து நிறுத்தி, நடுவில் ஒரு 'ப்' வைத்து அனுப்பிய நாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஒற்று விட்டுப்போன இடத்தை அவள் தேடவே வேண்டாம். படித்துக்கொண்டு போகிறவள், வாயில் கல் கடிபட்டதுபோல அந்த இடத்தில் நின்றுவிடுவாள்.

அந்தப் பதிப்பகமே வெற்றியை நம்பித்தான் பிழைத்தது. தொழில் தொடங்குவது எப்படி, மேலதிகாரியைச் சமாளிப்பது எப்படி, கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு வாழ்வது எப்படி என்று மாதம் இரண்டு புத்தகமாவது வரும். இருபத்திரண்டு வருடங்களில் ஐந்நூறு புத்தகங்களுக்கு மேல் அவள் கை வழியாகப் போயிருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு முறை, வரி வரியாகப் படித்தாக வேண்டும். "இந்த ஊர்லயே வெற்றியை அதிகமாப் படிச்சவ நான்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அந்தப் புத்தகங்கள் மேல் அவளுக்கு மரியாதை உண்டு. எங்கோ ஒருத்தி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, இதைப் படித்துவிட்டு, நாமும் ஒரு கடை போட்டால் என்ன என்று யோசிப்பாள். அவளிடம் போய்ச் சேருவதில் பிழை இருக்கக் கூடாது என்று ஒற்றக்கா நினைப்பாள்.

பள்ளிப் படிப்போடு நின்றவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு பிஸ்கட் உறையால்தான். அதற்கு முன் ஒன்பது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். ஒருநாள் புது உறையின் மாதிரியைக் கொண்டுவந்த அச்சகக்காரரிடம், "மொறுமொறுப்புல ஒரு 'ப்' குறையுது" என்று காட்டினாள். ஐம்பதாயிரம் உறை அச்சாவதற்கு முன்னால் தப்பித்த அந்த மனிதர் அவளை மறக்கவில்லை. அவருடைய மைத்துனர்தான் பதிப்பாளர்.

இப்போது அந்தப் பதிப்பகத்தின் பெரிய எழுத்தாளர் ஒருவருடைய புதுப் புத்தகம் அவள் மேஜைக்கு வந்தது. நிறுவனங்களுக்குப் போய் நிர்வாகப் பயிற்சி கொடுப்பவர் அவர். புத்தகம் போட்டால் கடையில் நிற்காது. அவளுடைய மகளே அவருக்குப் பரம ரசிகை. ஓர் அலுவலகத்தில் ஊழியர் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுடைய மேஜையில் அவர் எழுதிய எல்லாப் புத்தகமும் வரிசையாக நிற்கும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒற்றக்காவின் பென்சில் நின்றது. ஒற்றுப் பிழை ஒன்றும் இல்லை. மூடும் நிலைக்கு வந்த ஒரு பிஸ்கட் தொழிற்சாலையை இளம் மேலாளர் ஒருவர் நாற்பதே நாளில் காப்பாற்றிய கதை அது. உடைந்த பிஸ்கட்டுகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தனவாம். மேலாளர் இரவு பகலாக ஆராய்ந்தாராம். சூடான பிஸ்கட் மேல் ஃபேன் காற்று படுவதால்தான் விரிசல் விடுகிறது என்று கண்டுபிடித்து, பெல்ட்டுக்கு மேலே ஓடிய ஃபேன்களை நிறுத்தச் சொன்னாராம். 'மாற்றத்தை விரும்பாத பேக்கிங் பெண்கள் முணுமுணுத்தார்கள். மேலாளர் அவர்களைப் பொறுமையாக வழிக்குக் கொண்டுவந்தார்' என்று இருந்தது.

அவள் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தாள். அந்தப் பேக்கிங் பெண்களில் அவளும் ஒருத்தி.

நடந்தது வேறு. உடைசல் கூடியபோது, பெண்கள் கை நிதானம் இல்லாமல் அடுக்குகிறார்கள், நாலு பேரை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றுதான் மேலே பேச்சு இருந்தது. அப்போது பேக்கிங் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவளை விசிலம்மா என்பார்கள். மிஷின் சத்தத்தில் குரல் எடுபடாது என்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துத்தான் ஆளைக் கூப்பிடுவாள். மூன்றாவது மேஜைக்கு மேல் ஃபேன் பழுதாகிக் கிடந்த வாரத்தில், அந்த மேஜையின் பெட்டி மட்டும் திரும்பி வரவில்லை என்று முதலில் கவனித்தவள் அவள்தான். ஒற்றக்கா பதினோரு நாள் ஒவ்வொரு மேஜையின் உடைசலையும் எழுதி வைத்தாள். விசிலம்மாவும் ஒற்றக்காவும் உட்பட, மேஜைக்கு ஒருத்தியாக ஏழு பெண்களும் கூடிப் பேசினார்கள். அடுப்பிலிருந்து பெல்ட் நேராக அவர்கள் முகத்துக்கு எதிரே வரும். அந்த வெக்கையில் இருந்த ஒரே சுகம் தலைக்கு மேலே ஓடிய அந்தக் காற்று. அதை நிறுத்துங்கள் என்று அவர்களே மேலாளரிடம் போய்க் கேட்டார்கள். வியர்வை கண்ணில் இறங்க, துணியால் ஒற்றிக்கொண்டு ஒன்பது நாள் வேலை பார்த்தார்கள். உடைசல் நின்றுபோனது.

ஒற்றக்கா பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள்: 'இது இப்படி நடக்கவில்லை. நான் அங்கே இருந்தேன்.'

பதிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அச்சகத்தில் தேதி குறித்தாகிவிட்டது, புத்தகத்துக்கு முன்பதிவும் தொடங்கியாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குறிப்பு எழுதியதில்லையே என்று இழுத்தார். பிறகு நேராகவே சொன்னார்.

"நீங்க ஒற்றைப் பாருங்கம்மா. கதையை அவர் பாத்துக்குவார்."

"ஒற்று தப்பா இருந்தா படிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க சார். இது அச்சானா, அங்க என்கூட வேலை பார்த்த ஆறு பேர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

பதிப்பாளர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாளருக்கு அனுப்பினார்.

வீட்டில் மகளிடம் சொன்னபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் யார் தெரியுமா, எவ்வளவு ஆதாரத்தோடு எழுதுகிறவர் தெரியுமா, வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்று படபடவென்று பேசினாள். பழுது பார்க்கும் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த அப்பா, "உங்கம்மா அந்த ஒன்பது நாளும் மேலெல்லாம் வேர்க்குருவோட வந்தாடி. பவுடர் போட்டுவிட்டதே நான்தான்" என்றார். மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏம்மா இதைச் சொல்லவே இல்ல?"

"அப்ப நீ கைக்குழந்தை. அப்புறம் பார்த்தா, அது ஒரு கதைன்னே எனக்குத் தோணலடி."

இரண்டு நாள் கழித்து எழுத்தாளர் கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. மேலாளரை மூன்று மணி நேரம் பேட்டி எடுத்துத்தான் எழுதினேன் என்றார். ஒற்றக்கா வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், அந்தப் பெண்களை வரச் சொல்கிறேன், அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றாள்.

அவர் வந்தார். நான்கு பேர் வந்திருந்தார்கள். மற்ற இருவரும் வெளியூரில் இருந்தார்கள். ஒற்றக்கா ஒரு காரியம் செய்தாள். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்காமல், உள் அறையில் ஒவ்வொருவராக அவரிடம் பேச விட்டாள். ஒருத்தி சொன்னதைக் கேட்டு இன்னொருத்தி சொன்னாள் என்ற பேச்சு வரக்கூடாது இல்லையா? நான்கு பேரும் மூன்றாவது மேஜையையும் பழுதான ஃபேனையும் சொன்னார்கள். மூன்று பேர் விசிலம்மாவைச் சொன்னார்கள். விசிலம்மாவோ தன்னை விட்டுவிட்டு மற்ற ஆறு பேரைத்தான் சொன்னாள்.

எழுத்தாளர் அங்கேயே உட்கார்ந்து பழைய மேலாளருக்குப் போன் போட்டார். ஓய்வு பெற்றுவிட்ட அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆமா, ஃபேனை நிறுத்தச் சொன்னது அவங்கதான். நீங்க அதைக் கேக்கவே இல்லையே" என்றார். எழுத்தாளர் போனை வைத்துவிட்டு, ஏழு பேரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் புது அத்தியாயம் வந்தது. இந்த முறை அவர் பெண்கள் பக்கமே முழுக்கச் சாய்ந்துவிட்டிருந்தார். மேலாளர் ஒன்றுமே செய்யாத ஆளாக நின்றார். ஒற்றக்காவின் பென்சில் அங்கேயும் நின்றது. அவளே போன் செய்தாள். அந்த மனிதர் ஆளைக் குறைக்கும் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஏழு பெண்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், பத்தாம் நாள் ஃபேன்களைக் கழற்றி எங்கள் முதுகுப் பக்கம் மாட்டிக் கொடுத்தார், நாலு பேர் வேலையும் அவரால்தான் தப்பியது என்றாள். "அதையும் எழுதுங்க சார். விட்டுட்டா இதுவும் தப்பான கதைதான்."

மறுமுனையில் எழுத்தாளர் சிரித்தார். "நான் கம்பெனி கம்பெனியாப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறது இதைத்தாம்மா, கீழ இருக்கிறவங்க சொல்றதைக் கேளுங்கன்னு" என்றார்.

புத்தகம் இருபது நாள் தாமதமாக வந்தது. ஏழு பெண்களின் பெயர்களும் தலைப்பெழுத்தோடு முழுசாக அச்சாகியிருந்தன. ஒற்றக்கா என்ற பெயருக்குள் இத்தனை வருடம் மறைந்து கிடந்த அவளுடைய சொந்தப் பெயரும் அதில் இருந்தது. வெளியீட்டு விழாவில் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகள், தன்னோடு வேலை பார்க்கும் பெண்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, "இவங்கதான் எங்கம்மா" என்று அறிமுகப்படுத்திக்கொண்டே இருந்தாள். எழுத்தாளரோடு படம் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று வருடக்கணக்காகச் சொன்னவள், அன்று அவர் பக்கம் போகவே மறந்துவிட்டாள். மேடையில் பேசிய எழுத்தாளர், இனிமேல் தன் கையெழுத்துப் பிரதியை முதலில் படிக்கப் போகிறவர் யார் என்று சொல்லி முன்வரிசையைக் காட்டினார். கைதட்டல் எழுந்தபோது ஒற்றக்காவுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

விசிலம்மா இது எதையும் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இங்க பாரு. நாலு பேரை நிறுத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டு நாம முணுமுணுத்தோமாம். யாரு முணுமுணுத்தது? ஆபீஸ் வாசல்ல நின்னு நாம கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே."

ஒற்றக்கா எட்டிப் பார்த்தாள். உண்மைதான். ஒற்றெல்லாம் சரியாக இருந்ததில் அந்தச் சொல் அவள் கண்ணிலிருந்தே தப்பியிருந்தது. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அதை அடித்தாள். இரண்டாம் பதிப்பு ஆறே மாதத்தில் வந்தது. அதில் அவர்கள் கத்தினார்கள்.