லாக்கி எறிந்த மந்தையும் மெரினின் அம்பும்

ஹாமில்டனுக்கு வடக்கே எத்தனையோ ஆட்டுச் சந்தைகள் உண்டு. எங்கள் பென்னரூ சந்தை மாதிரி ஒழுங்கான சந்தை ஒன்று கிடையாது. இதை நான் சொல்லக் கூடாது, கமிட்டித் தலைவர் நாற்காலியில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவனே நான்தான். இருந்தாலும் சொல்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிறத்தியார் லாரியில் ஆடு ஏற்றி இறக்கி, பிறகு சொந்தமாக ஒரு லாரி, பிறகு நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பெயர் எழுதிய லாரி என்று வளர்ந்தவன். க்ளெம் நாஸ்கே வீடு எது என்று கேட்டால் எங்கள் ஊரில் நாய்கூட வழி காட்டும்.

ஆனால் இது மெரின் டகெட்டின் கதை.

மெரினின் அப்பா எர்ன் என்னிடம் லாரி ஓட்டியவன். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவள் இரண்டு தட்டு டிரெய்லரைப் பின்னோக்கி எடுத்துச் சந்தைக் கதவில் இடிக்காமல் நிறுத்துவாள். வாய் மட்டும் நிற்காது. பல்லாரட்டில் கம்ப்யூட்டர் படித்தாள். மெல்போர்னில் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி, மற்ற கம்பெனிகள் மென்பொருள் எழுதுவதற்காக ஜன்னல், பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் தயாராகச் செய்து ஒரு தொகுப்பாக விற்கும். டூல்கிட் என்பார்கள். அதில் மெரினின் பங்கு என்ன தெரியுமா? திரையில் ஒரு பொருள் மேல் அம்பை வைத்து மவுஸை அழுத்தி, இழுத்துக்கொண்டு போய், இன்னோர் இடத்தில் விடுகிறோம் இல்லையா, அந்த அழுத்தலுக்கும் விடுதலுக்கும் நடுவே அம்பு போகிற வழியைக் கண்கொட்டாமல் பின்தொடர்வது. அது மட்டும்தான். அதற்கு நாலு வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்!

"இதுக்குப் போயி சம்பளமா?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குப் பின்னாடி போற நாய்க்கு நீ சோறு போடறதில்லையா, க்ளெம்?" என்றாள். எங்கள் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; கமிட்டித் தலைவருக்கும் அதே கதி.

நகரத்தில் நாய் வளர்க்க இடமில்லை என்று சொல்லி ஒரு நாள் ஆடு மேய்க்கும் இரண்டு கெல்ப்பி நாய்க்குட்டிகளோடு ஊருக்கே திரும்பிவிட்டாள். அந்த வருஷம்தான் எங்கள் பலகை மானத்தை வாங்கியிருந்தது.

பலகையைச் சொல்லிவிடுகிறேன். சந்தை செவ்வாய்க்கிழமை. திங்கள் மதியமே லாரிகள் வந்து ஆடு இறக்கும். தரகர்கள் தொப்பிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு கோலிக்குண்டு எடுப்பார்கள், அதன் எண்தான் விற்பனை வரிசை. பிறகு ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு பட்டி ஒதுக்க வேண்டும். ஆபீஸ் சுவரில் பெரிய பலகை, பட்டிக்கு ஓர் ஆணி, மந்தைக்கு நடுவில் துளையுள்ள ஒரு தகர வில்லை. எங்கள் தரகர்கள் யாரும் நடந்து போய் வில்லையை மாட்ட மாட்டார்கள். நின்ற இடத்திலிருந்தே எறிவார்கள். வில்லை பறந்து போய் ஆணியில் கிணுங்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் பீர் அவன் தலையில். லாக்கி மெக்கே என்கிற தரகன் பீர் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் கதவு அடித்த அடியில் நாலைந்து வில்லைகள் உதிர்ந்துவிட்டன. எவனோ அவற்றைத் தப்பான ஆணியில் மாட்டிவிட்டான். எய்லீன் ஸ்ட்ராட் வளர்த்த அருமையான ஆட்டுக்குட்டிகள் வேறொருவர் பெயரில் ஏலம் போயின. அந்த அம்மாள் வந்து என் மேஜையைத் தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பை எகிறியது.

மெரின் அந்தப் பலகையைத் திரைக்குள் கொண்டுவந்தாள். பட்டிகள் கட்டம் கட்டமாக. மந்தைகள் சின்னச் சின்ன வில்லைகளாக, தரகனுக்கு ஒரு நிறம், லாக்கிக்குச் சிவப்பு. பிடித்து இழுத்துப் பட்டியில் விட்டால் உட்கார்ந்துவிடும். கதவு எவ்வளவு அடித்தாலும் உதிராது! பார்த்த உடனே எனக்கு உற்சாகத்தில் ரத்தம் சூடாகிவிட்டது. லாரியைத் தொட்டே முன்னுக்கு வந்தவன் நான், நல்ல வண்டி எது என்று சத்தத்திலேயே தெரியும்.

கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. திங்கட்கிழமை ஒரு முழு மதியம், ஒரு மந்தைகூட இடம் மாறாமல், லாரிகளைக் காக்க வைக்காமல் நடத்திக் காட்ட வேண்டும். நடந்தால் சந்தையில் மெரினுக்கு நிரந்தர வேலை. நடக்காவிட்டால் பலகை திரும்ப ஏறும், அவள் மெல்போர்னுக்குக் கிளம்ப வேண்டியதுதான். பழைய கம்பெனி அவள் இடத்தை அந்தச் செவ்வாய் வரைதான் வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மெரின் இழுத்தாள், சரியாக விழுந்தது. நான் இழுத்தேன், என் தடித்த விரலுக்கே சரியாக விழுந்தது. லாக்கி உட்கார்ந்தான். விருட்டென்று ஒரு இழுப்பு. நாற்பதாம் பட்டிக்குப் போக வேண்டிய மந்தை முப்பத்தைந்தில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று, அதுவும் நாலைந்து பட்டி முன்னாலேயே விழுந்தது.

"பாத்தியா! உன் மிஷினுக்கு மூச்சு வாங்குது!" என்று லாக்கி தொடையில் தட்டினான்.

மெரின் முகம் சிவந்துவிட்டது. "அம்பு நடக்காது லாக்கி, தாவும். நீ வேகமா இழுத்தா நடுவுல இருக்கற பட்டியெல்லாம் அதுக்குத் தெரியாது. அதனாலதான் அம்பு எங்கன்னு நான் பட்டிகளைக் கேக்கறதே இல்ல. நீ அழுத்தின உடனே அம்பை என் கையில பிடிச்சுக்கறேன். திரையில இருக்கற ஜன்னலுக்கு வெளியே ஓடினாலும் சேதி எனக்குத்தான் வரும். தப்பிக்கவே முடியாது."

"அப்ப என் மந்தை எப்படித் தப்பிச்சுது?"

சனிக்கிழமை முழுக்க மெரினுக்கு அதே நினைப்பு. ஞாயிறு சர்ச் முடிந்ததும் லாக்கியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். அம்பு எங்கே எங்கே இருப்பதாகச் சேதி வருகிறதோ அங்கேயெல்லாம் திரையில் ஒரு புள்ளி விழும்படி செய்திருந்தாள். லாக்கி ஒரு இழுப்பு இழுத்தான். புள்ளிகள் முதலில் நெருக்கமாக, பிறகு தள்ளித் தள்ளி. ஓடுகிற ஆடு புழுக்கை போட்ட மாதிரியே இருந்தது. அதை நான் சத்தமாகவே சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். மெரின் சிரிக்கவில்லை. கடைசிப் புள்ளியில் விரல் வைத்தாள். அது முப்பத்தைந்தாம் பட்டி.

"நீ இங்கயே விட்டுட்ட."

"யாரு, நானா? நாப்பதுலதான் விட்டேன்!"

"பொத்தான்லேருந்து விரல் இங்கயே எடுத்தாச்சு. பொய் சொல்ல அதுக்குத் தெரியாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

இரண்டு பேரும் கத்தினார்கள். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருந்தது, அது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் லாக்கி கோபத்தில் எழுந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்து ஒரு வில்லையைச் சுண்டினான். கிணுங்! மெரின் கண் விரிந்தது.

"அட கடவுளே. நீ இழுக்கல. எறியற!"

ஆமாம்! முப்பது வருஷம் வில்லை எறிந்த கை. வில்லையை ஆணியருகே போய் விடுவார்களா? பாதி வீச்சிலேயே விரலைத் திறந்துவிடுவார்கள், மீதித் தூரத்தை வில்லை பறந்து போகும். மவுஸையும் லாக்கி அப்படித்தான் பிடித்திருக்கிறான். உலகத்தில் வேறெந்த ஊரிலும் எவனும் மவுஸில் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்!

"அப்ப பறந்து போகட்டுமே!" என்றேன் நான். "எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எல்லாம்தான் புள்ளியில தெரியுதே. அது எங்க போய் விழும்னு நீயே கணக்குப் போட்டு உக்கார வச்சுடு."

"அது யூகம், க்ளெம். யூகத்துல எய்லீனோட குட்டியை வைக்கச் சொல்றியா? இன்னொரு தடவை அவங்க மேஜையைத் தட்டுவாங்க, இந்தத் தடவை மேஜை இருக்காது."

அவள் வேறு வழி செய்தாள். அம்பு வேகமாக ஓடும்போது விரலை எடுத்தால் மந்தை எங்கேயும் விழாது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். தப்பு நடக்காது. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை வந்தது. கோலிக்குண்டில் முதல் எண் லாக்கிக்கு! ஆபீஸில் நிற்க இடமில்லை. வெளியே லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டன. லாக்கி எறிந்தான். மந்தை போய் முழங்காலில் அடிபட்ட மாதிரி திரும்பி வந்தது. கூட்டம் சிரித்தது. மறுபடியும் எறிந்தான். மறுபடியும் திரும்பியது.

"லாக்கி, உன் ஆட்டுக்கு உன்னை விட்டுப் பிரிய மனசில்லடா!"

"முத்தம் குடுத்து அனுப்பு!"

அவன் மெதுவாக இழுக்கப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு பாதி தூரம் வரை கொண்டுபோவான், அதற்கு மேல் கை கேட்காது, சுண்டிவிடும். மற்ற தரகர்கள் உட்கார்ந்தார்கள், அவர்களும் எறிகிறவர்கள்தானே! நாலில் ஒன்றுதான் நின்றது. வெளியே ஹாரன். லாரி வரிசை பாலத்தைத் தாண்டிவிட்டது. அதில் பாதி என் லாரி. எவனோ ஒருவன் பலகையைத் தூக்கிச் சுவரில் மாட்ட ஆணியைத் தேட ஆரம்பித்தான்.

மெரின் திரையைப் பார்க்கவே இல்லை. லாக்கியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை எறி."

"போதும் மெரின், மானம் போகுது."

"எறிடா!"

எறிந்தான். மந்தை திரும்பி வந்தது. ஆனால் கை? கை நிற்கவில்லை! விரல் எடுத்த பிறகும் வீச்சு முடியும் வரை கை போய்க்கொண்டே இருந்தது. கூடவே மவுஸ். மவுஸோடு அம்பும். மந்தை வீட்டுக்குத் திரும்பிவிட்டது, அம்பு மட்டும் தனியாக ஓடி, நேராக நாற்பதாம் பட்டியின் நடுவில் போய் நின்றது!

மெரின் ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், வெளியே நாய்கள் குரைத்தன.

"விரலை எடுத்தா கதை முடிஞ்சதுன்னு நாலு வருஷமா நான்தான் எழுதிட்டு வரேன்! முடியல! விரலை எடுத்த உடனே நான் பாக்கறதை நிறுத்திட்டேன், அதான்! அவன் போய்ச் சேந்துட்டான், நான்தான் பாதியில விட்டுட்டேன்! நகரு, நகரு, நகரு!"

லாக்கியை நாற்காலியோடு தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். விரல்கள் கீபோர்டு மேல் குதித்தன. நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். பலகையோடு எவன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், என் உடம்பைத் தாண்டுவது லேசில்லை. டிரைவர்கள் ஜன்னல் வழியே திட்டினார்கள். என் டிரைவர்களே என்னைத் திட்டினார்கள்!

அவள் செய்தது இவ்வளவுதான். ஓட்டத்தில் விரலை எடுத்தால் மந்தை திரும்பாது, விழவும் விழாது. மங்கலான நிறத்தில் அம்போடு ஒட்டிக்கொண்டே போகும். அம்பு எங்கே வந்து நிற்கிறதோ அங்கே உட்காரும், நிறம் கெட்டியாகும். யூகமே இல்லை. எங்கே நின்றதோ அங்கே.

"லாக்கி. எறி."

எறிந்தான். மந்தை மங்கி, பறந்து, நாற்பதாம் பட்டியில் நச்சென்று உட்கார்ந்து பளிச்சென்று சிவந்தது.

கூரை பறந்துவிடும் போலச் சத்தம்! லாக்கி இன்னொன்று எறிந்தான், இன்னொன்று, இன்னொன்று. வலது மூலை, இடது மூலை, எது சொன்னாலும். பலகையில்கூட அவன் அப்படி எறிந்து நான் பார்த்ததில்லை. அடுத்த தரகன் அவனைச் சட்டையைப் பிடித்து எழுப்பினான்.

"எழுந்திரு, எங்களுக்கும் குடு!"

"இருடா, இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

லாரிகள் அசைந்தன. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தில் ஒரு வண்டி இல்லை. நானும் எய்லீன் ஸ்ட்ராட்டும் பட்டி பட்டியாக நடந்து, காதுக் குறியைப் பார்த்து, திரையில் இருந்ததோடு சரிபார்த்தோம். ஒரு மந்தை இடம் மாறவில்லை. அந்த அம்மாள் தன் குட்டிகளின் முதுகைத் தடவிவிட்டு, "பரவாயில்ல" என்றார். எய்லீன் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் அது பட்டயம்.

கமிட்டி தனியாகக் கூட்டம் போடவில்லை. பட்டிச் சந்திலேயே நின்று, மெரினுக்கு வேலை என்று கையைத் தூக்கினோம். முதலில் தூக்கியது லாக்கி. என் கை அதற்கு முன்பே மேலே இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

மெரின் ஆபீஸுக்குள் போய் மெல்போர்னுக்குப் போன் போட்டாள். பேசி முடித்துவிட்டு, சாஸ் வழிகிற, இறைச்சி அடைத்த ஒரு ரொட்டியைக் கையில் எடுத்தாள்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"அந்த நாற்காலியை வேற யாருக்காவது குடுங்க, நான் வரலைன்னு சொன்னேன்."

"ஏன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. இங்க இருக்கறவங்க எறியறாங்க, யாராவது கூடவே இருந்து பாக்கணும்னு சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல." வாயில் ரொட்டியோடு சிரித்தாள்.