பந்தியில் விழுந்த பஞ்சநாதன்

பஞ்சநாதன் தன் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வாய் கள்ளைக்கூட ருசி பார்த்ததில்லை. ஆனால் 1949 வைகாசியில் கல்யாணப் பந்தலில் எல்லார் முன்னாலும் அவரைக் குடிகாரர் என்றார்கள். சொன்னவர் மனைவி சிந்தாமணியின் அண்ணன் இளையபெருமாள். கல்யாணப் பெண்ணைப் பெற்றவரும் அவர்தான்.

அரியலூருக்குக் கிழக்கே கடலையும் கம்பும் விதைத்துப் பிழைத்த குடும்பம். இரண்டு வருஷமாகப் பஞ்சநாதனுக்கு வலது கை நடுங்கியது, நடை குறுகியது. முகம் பலகை மாதிரி இறுகிப்போய், சிரிப்பும் கோபமும் அதில் தெரியவில்லை. மூன்று வயல் தாண்டிக் கேட்ட குரல் முணுமுணுப்பாகிவிட்டது.

அன்று வயிறார விருந்து சாப்பிட்டுவிட்டு இலையை விட்டு எழுந்தார். கண் இருட்டியது. சாம்பார் வாளி மேலேயே விழுந்தார்.

"மதுவிலக்கு வந்தும் இவருக்கு மட்டும் எங்கதான் கெடைக்குதோ! கை நடுங்குறதப் பாருங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னால என் மானத்த வாங்கிட்டாரு" என்று இளையபெருமாள் கத்தினார்.

"நான் குடிக்கல மச்சான்" என்றார் பஞ்சநாதன். அந்த வார்த்தையும் குழறி வந்தது. பந்தியே சிரித்தது.

மறு வாரம் இளையபெருமாள் ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார். நாற்பது நாள் உப்பில்லாப் பத்தியம் இருந்தால் கள் வெறி போய்விடும் என்றார் அவர். சிந்தாமணி அண்ணன் பேச்சை நம்பினாள். உப்பில்லாத கஞ்சி ஊற்றினாள். காலையில் கட்டிலை விட்டு எழும்போதெல்லாம் பஞ்சநாதன் சரிந்தார். ஒருநாள் புருவம் கிழிந்தது. அவரைத் தூக்கிவிட்டவள், குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தாள்.

பஞ்சநாதன் கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் அடித்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவ, என் வாய மோந்து பாக்குறியே!"

வாயில் எந்த வாடையும் இல்லை. அன்றைக்கே அவரை வண்டியில் ஏற்றி அரியலூர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கவைத்து மறுபடி பார்த்தார்.

"படுத்திருந்தா நூத்தி நாப்பது. நின்னா தொண்ணூறு. என்னம்மா சாப்பாடு குடுக்குற?"

பத்தியத்தைச் சொன்னாள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"உப்ப நிறுத்தச் சொன்னவன் எவன்? இது நடுக்குவாதம். எந்திரிச்சதும் ரத்தம் காலுக்கு எறங்கிடுது, தலைக்கு எட்டல. வயிறு நெறைய சாப்பிட்டா இன்னும் மோசம். அதான் பந்தியில விழுந்திருக்காரு."

"மருந்து இருக்குங்களா?"

"விழாம இருக்க மருந்து வேணாம். உப்பு கொஞ்சம் தூக்கலாவே போடு. கட்டில்ல தலைமாட்டுக் காலுக்கடியில ரெண்டு செங்கல் வையி. எந்திரிக்கிறதுக்கு முன்னால ஒரு சொம்புத் தண்ணி. கொஞ்ச நேரம் காலத் தொங்கப்போட்டு ஆட்டிட்டு அப்புறம் நிக்கட்டும். வயித்த இறுக்கி அகலத் துணி கட்டு. கொஞ்சங்கொஞ்சமா நாலஞ்சு வேளை சாப்பிடட்டும். கண்ணு இருட்டுனா அப்பவே உக்காந்துடணும்."

ஊர் திரும்பியதும் சிந்தாமணி வண்டியை அண்ணன் வீட்டு முன்னாலேயே நிறுத்தச் சொன்னாள்.

"அண்ணே, வெளிய வா! நோவுல விழுந்த மனுசன குடிகாரன்னு சொன்னல்ல? உப்பையும் நிறுத்திக் கொல்லப் பாத்தல்ல?" தெரு கூடிவிட்டது.

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார் இளையபெருமாள்.

"என் நல்லதுக்கா?" என்றார் பஞ்சநாதன். அடித்தொண்டையிலிருந்து வந்த அந்தக் குரல் வண்டிக்காரனுக்கு மட்டும்தான் கேட்டது. கத்தவும் முடியாமல், முகத்தில் காட்டவும் முடியாமல் அவர் வண்டிச் சட்டத்தை உள்ளங்கையால் அறைந்துகொண்டே இருந்தார்.

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தார்கள். நடுக்கம் போகவில்லை. ஆனால் தினம் விழுந்தவர் அடுத்த ஒரு வருஷத்தில் இரண்டே தடவைதான் விழுந்தார். வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து களையெடுப்பைப் பார்த்தார்.

பொங்கலுக்கு இளையபெருமாள் வாழைத்தாரோடு வந்தார். "தெரியாம சொல்லிட்டேன் மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"பந்தல்ல கத்திச் சொன்னீங்க. இப்ப ரகசியமா சொல்றீங்க. தெருவுல நின்னு சத்தமா சொல்லுங்க" என்றார் பஞ்சநாதன்.

இளையபெருமாள் வாசல்வரை போனார். தெருவில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். சிந்தாமணி வாழைத்தாரை எடுத்து மாட்டுக்குப் போட்டாள்.