பேசிக்கொண்டபடி

கண்ணாடிக் கிளாஸில் பால் சேர்க்காத பிளேன்டீ, பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. இலங்கை மலையகத்தின் பதுளையில் ஹார்டுவெயார் கடை வைத்திருந்த ஹாஜியாரை நினைத்தால் எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும். அவருடைய கடைக் கணக்கைப் பல வருடம் எழுதினேன். ஆரம்பத்தில் அந்தப் பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தவளும் நான்தான்.

அப்போது எனக்கு இருந்தது அவருடைய கடை ஒன்றுதான். மாதச் சம்பள வேலை அல்ல; ஒரு தொகைக்கு, வாரத்தில் இரண்டு காலை வந்து கணக்கு எழுதிவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. அந்தப் பேச்சுக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. ஆணி நிறுத்துக் கொடு, பேங்குக்கு ஒரு நடை போய் வா, அப்படியே எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்று என்று தினமும் பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்தேன். அவர் கெட்டவர் இல்லை. "மகள்" என்றுதான் கூப்பிடுவார். கஷ்டமே அதில்தான் இருந்தது; மகளிடம் வேலை சொல்ல யாரும் நேரம் பார்ப்பதில்லை. பண்டாரவளையில் ஒரு பேக்கரியும் தெமோதரையில் ஒரு மருந்துக் கடையும் கணக்கு எழுத என்னைக் கேட்டிருந்தன. நேரம் கிடைத்தால் சொந்தக் காலில் நிற்கலாம். பேசியபடி நேரம் கேட்டு அவர் கோபித்துக்கொண்டால் இருக்கிற ஒன்றும் போய்விடும்.

ஹாலிஎல தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். எந்தெந்த நாள் வருவேன், பில்களை எப்போது தர வேண்டும், வரிப் பத்திரத்தின் கையெழுத்து யாருடையது, கடை விஷயம் என் வாயிலிருந்து வெளியே போகாது, பிரிவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். மேலே 'சேவை ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்டேன். வினை அங்கேதான் வந்தது.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா அதைக் கேட்டு முகம் வெளுத்துப் போனார். "ஒப்பந்தம்னா கொந்தராத்துதானடி? நல்லா இருக்குற வேலைய விட்டுட்டு யாராச்சும் கொந்தராத்துக்குப் போவாங்களா?" தோட்டத்தில் கொந்தராத்து என்றால் பெயர் பதியாத வேலை, நாளைக்கு உண்டா இல்லையா என்று தெரியாதது.

ஹாஜியாருக்கோ வேறு பயம். தோட்டத்துச் சம்பள ஒப்பந்தம், அதற்கான ஸ்ட்ரைக், அப்போது ஈயோட்டும் கடை, இவைதான் அவர் அறிந்த ஒப்பந்தம். தலைப்பைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னா மகள், என்ட கடையில யூனியன் தொடங்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பேசின பேச்சு போதாதா? என்னில நம்பிக்கை இல்லையா?"

"அப்படி இல்லங்க முதலாளி. நாம அன்னைக்குப் பேசிக்கிட்டதத்தான் எழுதியிருக்கேன். எனக்கே மறந்துபோகுது, அதான்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொழப் போய்விட்டார். சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று என்னையே திட்டியபடி பஸ் ஏறினேன்.

அடுத்த முறை போனபோது தாள் மேசைமேல் இருந்தது. 'சேவை ஒப்பந்தம்' அடிக்கப்பட்டு, மேலே அவர் கையெழுத்தில் 'பேசிக்கொண்டபடி' என்று இருந்தது. வேறு எதையும் அவர் அடிக்கவில்லை. கீழே ஒரு வரியைத் தானே சேர்த்துக் கையொப்பம் போட்டிருந்தார்: 'வரும் நாட்களில் பிள்ளைக்குப் பிளேன்டீ கொடுப்பது கடையின் பொருப்பு.'

"மறந்தது நீங்க மட்டும் இல்ல மகள்," என்று அவரே பிளாஸ்கைத் திறந்து ஊற்றினார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு ஒரு மேசையில் உட்காரவைத்து யாரும் ஒரு கிளாஸ் தேநீர் கொடுத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எதையோ தேடுவதுபோல் மேசை லாச்சியைக் குடைந்துகொண்டிருந்தார்.

பேக்கரியும் மருந்துக் கடையும் வந்தன, பிறகு மற்றவையும். இன்று எங்கள் தோட்டத்துப் பெண்கள் இருவர் என்னோடு வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் தாள் எழுதித்தான் கொடுத்திருக்கிறேன். அம்மா அதை "நம்ம கொந்தராத்து" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஹாஜியார் போன வருடம் காலமானார். இப்போது கடையைப் பார்க்கும் அவருடைய மகன் போன வாரம் தாளைப் புதிதாக டைப் செய்து தந்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. அந்தக் கடைசி வரி இருக்காது என்றே நினைத்தேன். இருந்தது, அதே 'பொருப்பு' என்ற பிழையோடு. கணக்கெழுதும் கை சும்மா இருக்குமா, ரு-வை று ஆக்கப் பேனாவைக் கொண்டுபோனேன்.

"அத மட்டும் திருத்தாதீங்க அக்கா. வாப்பா எழுதினபடியே இருக்கட்டும்," என்று அவர் பிளாஸ்கைத் திறந்தார்.

கையெழுத்தை மட்டும் போட்டேன். பிறகு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீயைக் குடித்தேன்.