ஹாரனக்கா மறுபடி வண்டியில் உட்கார்ந்தது

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த ஹாரனக்காவுக்கு முதலில் கோபம் வந்தது நாற்காலிகள் மேல்தான். வீட்டில் இருந்த அத்தனையும் மரம். எதில் உட்கார்ந்தாலும் முள் மேல் உட்கார்ந்த மாதிரி குத்தியது. எழுந்து நின்றால் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. ஒருக்களித்துப் படுத்துக் கூரையில் சுற்றும் மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். தெருமுனையில் திரும்பும்போதே ஹாரனை அமுக்கி, பாதி சீவின தலையோடு பிள்ளைகளை வாசலுக்கு ஓடிவர வைப்பாள். பெயர் அப்படித்தான் வந்தது. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். ஹாரனக்கா அதற்கு நேர்மாறு. ஆத்திரத்தை ஒரு நிமிஷமும் அடக்கியதில்லை. மற்றதையெல்லாம் அடக்கியே பழகிவிட்டாள். அவளும்தான் என்ன செய்வாள்? வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண் போய்வர இடம் ஏது? பள்ளிக்கூடத்துக் கழிப்பறை ஆசிரியர்களுக்கு மட்டும் என்று பூட்டியிருக்கும். மற்ற டிரைவர்களுக்குச் சுற்றுச்சுவரின் பின்பக்கம் போதும். அவள் மட்டும் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வயிறு இறுகியது. முக்கி முக்கி மூலம் வெளியே தள்ளியது. அதையும் யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்காக மறைத்தாள். சீட்டில் ரத்தக் கறை படிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாள்.

அனுப்பும்போது எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், பழமும் காயும் சாப்பிட வேண்டும், மாத்திரையை வேளை தவறாமல் போட வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது, வராவிட்டால் முக்கக் கூடாது. தலை நன்றாக ஆடியது. காதில்தான் ஒன்றும் ஏறவில்லை. கழிப்பறைக் கதவு வரை போவாள், பயந்து திரும்பிவந்து படுத்துக்கொள்வாள். போகாமலிருக்க ஒரே வழி சாப்பிடாமலிருப்பது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

கணவர் மின்விசிறி, மோட்டார் பழுது பார்ப்பவர். சாது. தட்டோடு வந்து நின்றார்.

"பழம் நறுக்கி வச்சிருக்கேன். ரெண்டு துண்டாவது சாப்பிடேன்."

"உள்ள போனா வெளிய வரணும்ல? எனக்குப் பதிலா நீங்க போவீங்களா?"

"முடிஞ்சா போயிருப்பேன்மா" என்றார், நிஜமாகவே. அதில் அவளுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. ஒரு சண்டைக்குக்கூட லாயக்கில்லாத மனுஷர்.

கேட்பவர்களிடம் முதுகில் ஆபரேஷன் என்று சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். எதிர்வீட்டுக்காரி அதை அப்படியே நம்பி விசாரிக்க வந்தாள்.

"முதுகுன்னா படுக்கவே கூடாது. என் நாத்தனார் படுத்துப் படுத்துத்தான் கெடுத்துக்கிட்டா. வா, எந்திரி. இந்த நாற்காலியில நல்லா ஊன்றி உட்காரு" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு தோளையும் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தி உட்கார வைத்தாள். ஹாரனக்காவுக்குப் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப தேவலை" என்றாள். கதவுக்குப் பின்னால் மகள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேனின் சத்தம்தான். அவளுக்குப் பதிலாக ஓட்ட வந்தவர் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். காலையும் மாலையும் அவர் அந்தத் தெருவில் கியர் மாற்றும்போது கரகரவென்று அவளுடைய எலும்பையே அரைக்கிற மாதிரி கேட்டது. ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் திரும்பிவருகிற நேரம் பார்த்துத் தெருவில் இறங்கிப்போய் மறித்தாள்.

"இறங்குங்கண்ணே. இந்த வண்டிக்கு ரெண்டாவது கியர் எப்படிப் போடணும்னு காட்டுறேன்."

"உனக்கு உடம்பு சரியில்லைன்னாங்களேம்மா?"

"இறங்குங்க, சொல்றேன்."

காலைத் தூக்கி வைத்து ஏறினாள், உட்கார்ந்தாள், கிளட்சை மிதித்தாள். வேன் தெருமுனைகூடத் தாண்டவில்லை. ஈரமாக, சூடாக ஏதோ கசிவது தெரிந்தது. பிரேக்கை அழுத்தியவள் அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டாள். லாரிக்காரர் ஓடிவந்து அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அதே கரகர கியரோடு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். "தையல் பிரியல. ஆனா கீறியிருக்கு. காலையில முக்கினீங்களா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடி எப்பப் போனீங்க?"

ஹாரனக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போகவே இல்லையா? யாரு போக வேணாம்னு சொன்னது?"

"பயமா இருந்துச்சு டாக்டர்." அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"பயந்து அடக்கினா இறுகும். இறுகினா இன்னும் வலிக்கும், இன்னும் பயப்படுவீங்க. செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிப்பீங்க. முதல்ல தண்ணி குடிங்க. வயித்த இளக்குற மருந்தை விடாதீங்க. லேசா ரத்தம் பட்டா பயம் வேணாம். கட்டி கட்டியா வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, ஒண்ணுக்குப் போக முடியலைன்னாலோ உடனே வரணும். வண்டிப் பக்கம் நான் சொல்றவரைக்கும் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

அன்றைக்கே கணவர் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி வந்தார். வேளாவேளைக்கு வெந்நீர் விளாவி, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவார். அவள் திட்டிக்கொண்டேதான் போய் உட்காருவாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தளர்ந்து வாய் தானாக மூடிக்கொள்ளும். பழத்தட்டு காலியாகத் தொடங்கியது. பிறகு ஒரு காலையில், பெரிய வலியில்லாமல் காரியம் முடிந்தது. "ஆயிடுச்சு!" என்று உள்ளிருந்தே அவள் போட்ட கூச்சல் நாலு வீடு தாண்டிக் கேட்டது. எதிர்வீட்டுக்காரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பொய் சொல்லித் தன்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதோடு நேராகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இன்று நன்றாக இருக்கும், நாளை பழைய எரிச்சல் வந்து நிற்கும். ஜாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அதற்காகத் தண்ணீரை மட்டும் விடவில்லை.

டாக்டரம்மா சரியென்ற பிறகு, வண்டியைத் தொடும் முன் பள்ளி மேனேஜர் அறைக்குப் போனாள்.

"டீச்சருங்க பாத்ரூம் சாவி எனக்கும் ஒண்ணு வேணும் சார்."

"அது ஸ்டாஃபுக்கு மட்டும்னு ஒரு ரூல் இருக்கும்மா…"

"எனக்கு மூலம் ஆபரேஷன் ஆகியிருக்கு. தண்ணி நிறையக் குடிக்கணும். குடிச்சா போகணும். எங்க போகட்டும், நீங்களே சொல்லுங்க."

ஹாரன் குரல். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மேனேஜர் அவசரமாக மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

முதல் சில வாரங்கள் வேகத்தடைகள் எல்லாம் அவளுக்கு ஜென்ம விரோதிகளாக இருந்தன. ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினாள். பிள்ளைகள் பின்னாலிருந்து முனகினார்கள். லாரிக்காரர் தேய்த்துவிட்டுப் போன கிளட்சை மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு வேறு பொருமினாள். பிறகு ஒரு நாள், கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்ட பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம், உட்கார்ந்த இடம் நினைவுக்கே வரவில்லை! அதை நின்று நிதானமாக ரசிக்கத்தான் நினைத்தாள். அதற்குள் குறுக்கே எவனோ காரைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யாருய்யா இது?" என்று ஆரம்பித்தாள்.