தயிர்சோறு என்று நான் சொன்னது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருடம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு நின்ற படிப்பு ஒரு காரணம். பெருமாள் பிரசாதம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை, வீடு புதுவாயல் பக்கம். புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. எங்கள் நாய் ஜாக்கிக்கும் கிடையாது. சனிக்கிழமை படைத்த சர்க்கரைப் பொங்கலில் முதல் பங்கு அதற்குத்தான். வாயில்லா ஜீவன் சாப்பிட்ட பிறகே நாங்கள் உட்காருவோம். அந்தச் சனிக்கிழமை, மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் என் சம்சாரம் திராட்சையை நெய்யில் வறுத்து அள்ளிப் போட்டிருந்தாள். ஜாக்கி இலையைக்கூட நக்கித் தீர்த்தது. மறுநாள் காலை வாந்தி. தலையைத் தூக்கவில்லை.

நெடுஞ்சாலை ஓரம் நாய், மாடுகளுக்குக் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு வந்து கதவைத் திறந்தார்கள்.

"நேத்து என்னண்ணா சாப்பிட்டுச்சு?"

"தயிர்சோறும்மா."

"வேற எதுனா?"

"வேற ஒண்ணும் இல்ல."

சம்சாரம் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே அடக்கினேன். பெருமாளுக்குப் படைத்ததைத் தின்று நோய் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேற்று மதத்துக்காரர், மனசுக்குள் சிரிப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர்களோ என் சொல்லை அப்படியே நம்பி, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை ஜாக்கி ஒண்ணுக்கே போகவில்லை. மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். "கிட்னி போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார்கள் டாக்டரம்மா. அவ்வளவுதான், சம்சாரம் வெடித்துவிட்டாள்.

"பெருமாளே வந்து கேட்டாலும் தயிர்சோறுன்னுதான் சொல்லுவியா நீ? அது செத்துக்கினு கீது. வாயத் தொறந்து சொல்லுய்யா!"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். டாக்டரம்மா உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் மறைக்கவும் இல்லை.

"திராட்சை நாய்க்கு விஷம்ணா. நேத்தே தெரிஞ்சிருந்தா நேத்தே டிரிப்ஸ் போட்டிருப்பேன்." டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டே, "என் மேலயும் தப்பு இருக்கு. திராட்சை குடுத்தீங்களா, சாக்லேட் குடுத்தீங்களான்னு நான் பேர் சொல்லிக் கேட்டிருக்கணும்" என்றார்கள்.

பெரிய படிப்புப் படித்தவர் என்னைப் போன்ற ஒருவனிடம் இப்படிச் சொன்னது எனக்குக் கண்ணைக் கரித்தது.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் மாலை ஜாக்கி தள்ளாடி வெளியே வந்து, என் வண்டிச் சக்கரத்தில் காலைத் தூக்கியது. டாக்டரம்மா கைதட்டிவிட்டார்கள். "நல்லா போவட்டும், உன் வண்டிக்கு இது வேணும்" என்று சம்சாரம் அழுதுகொண்டே சிரித்தாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்: "ஜாக்கிக்குன்னு திராட்சை போடாம ஒரு கிண்ணம் தனியாப் படைக்கலாமாண்ணா? உங்க முறை எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்."

"தாராளமா படைக்கலாம்மா" என்றேன். அன்றிலிருந்து இரண்டு கிண்ணம்தான். பிறகு எப்போது கிளினிக் போனாலும், டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே நடந்ததை எல்லாம் ஒப்பித்துவிடுவேன். தெரியாததைத் தெரியாது என்று அவர்களும் சொல்லிவிடுவார்கள். ஜாக்கி இப்போது கிழடு தட்டி, வாசலில் படுத்திருக்கிறது.

நாய் வளர்க்கும் யாரிடமாவது இதைச் சொல்வதானால், நடந்தபடியே சொல்லுங்கள். பெருமாள் காப்பாற்றினார், டாக்டரம்மா காப்பாற்றினார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொல்லுங்கள்.