நண்டு கழற்றும் கருவி யாருடையது?

எங்களைப் போன்ற மீன்பிடிக் குடும்பங்களின் கண்டுபிடிப்புகளுக்குக் காசு வாங்காமல் காப்புரிமை எடுத்துக் கொடுக்கும் ஒரு சட்டத்தரணி, கொழும்பிலிருந்து ஊர்காவற்றுறைக்கு எங்கள் வீடு தேடி வந்தார். ஒல்லியான பெண், முகத்தில் பஸ் களைப்பு. ஒரு கேள்வி கேட்டால், பதில் முழுதாக வரும்வரை வாய் திறக்கமாட்டார்.

வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்ற நான் கம்பியை வளைத்துச் செய்த கருவியை, என் கணவர் அவரிடம் நீட்டினார். "நான்தான் கண்டுபிடிச்சனான்" என்றார்.

சட்டத்தரணி என் பக்கம் திரும்பினார். "அக்கா, இதை முதல்ல யோசிச்சது ஆர்?"

"இவர்தான், மிஸ்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். கணவர்தான் தாங்காமல் தலையைக் குனிந்தார். "இல்லை மிஸ், இவதான் செய்தவ. ஆம்பிளையின்ர பேர் இருந்தால்தான் மதிப்பினம் எண்டு நினைச்சனான்."

கணவர் சொன்ன பொய்யைவிட, இவ்வளவு தூரம் சும்மா உதவ வந்தவரிடம் நான் யோசிக்காமலே சொன்ன பொய்தான் உறுத்தியது.

"பிழையான பேர் போட்டால் உரிமை நிக்காது அண்ணை" என்றார் சட்டத்தரணி. குரலில் கோபமே இல்லை. பிறகு என்னிடம், "உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ அக்கா" என்றார்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கேட்கவில்லை என்று, அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.